ஒரு தலையாட்டல் குறித்த வாக்குமூலம்

வாயைத் திறந்து சொல்லுங்கள் தம்பி. இந்த இடம் காலியா என்று கேட்டேன், தலையை ஆட்டினீர்கள். காலி என்று ஆட்டினீர்களா, ஆள் வருகிறது என்று ஆட்டினீர்களா? காலிதானே. அதை ஒரு சொல்லாகச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? நன்றி. பெண்கள் பக்கம் எங்கும் இடமில்லை, அதனால்தான். பையை மேலே வைக்க வேண்டாம், மடியிலேயே இருக்கட்டும். அதில் ஒரு தாள் இருக்கிறது, கசங்கக் கூடாது.

பத்தரை மணிக்குள் திருச்சி பால்பண்ணை நிறுத்தத்துக்குப் போய்விடுமா இந்த வண்டி? மறுபடியும் ஆட்டுகிறீர்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் கடுமையாகப் பேசுகிறவள்தான், ஆனால் காரணமில்லாமல் பேசுகிறவள் அல்ல. ஒரு தலையாட்டலுக்கு விளக்கம் சொல்லத்தான் நான் இப்போது திருச்சிக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். பதினொரு மணிக்கு எங்கள் நிறுவனத்தின் அலுவலகத்தில், கணினித் திரைக்கு முன்னால் உட்கார்ந்து சொல்ல வேண்டும். திரைக்கு அந்தப் பக்கம் மலாவி நாடு. அங்கே அப்போது காலை ஏழரை. விசாரணைக் குழுவினர் நால்வர் இருப்பார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில், நான் பயிற்சி கொடுத்த தியாமிகே இருப்பாள். நான் சொல்வதைக் கேட்டுவிட்டு, அவள் இனிமேல் செவிலியாக இருக்கலாமா கூடாதா என்று முடிவு செய்வார்கள்.

ஒரே வரிதான் நான் சொல்ல வேண்டியது. 'வேண்டாம் என்று தெளிவாகச் சைகை காட்டினேன்.' தட்டச்சு செய்தே கொடுத்துவிட்டார்கள். அந்தத் தாள்தான் இது.

என் பெயர் சற்குணவதி. முப்பத்து நான்கு ஆண்டுகள் கண் மருத்துவமனையில், ஆபரேஷன் தியேட்டருக்குத் தலைமைச் செவிலி. என் தந்தையார் தமிழாசிரியர். அவர் இருந்தால் 'அறுவை அரங்கு என்று சொல்' என்பார். அவர் வீட்டில் கொச்சைப் பேச்சுக்கு இடம் கிடையாது. அதனால்தான் இப்படிப் பேசுகிறேன், மேடைப்பேச்சு என்று நினைக்க வேண்டாம். ஆனால் தியேட்டரைத் தியேட்டர் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். என் தியேட்டரில் ஒரு நாளைக்கு எண்பது கண்புரை ஆபரேஷன் நடக்கும். ஒரு கத்தரி இடம் மாறி இருந்ததில்லை. நான் ஓய்வு பெற்ற அன்று ஒரு டாக்டர் சொன்னார், 'சிஸ்டர், நாளைக்கு நான் யாருக்குப் பயப்படுவேன்?' என்று. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஓய்வு பெற்ற பிறகுதான் மலாவிக்கு அனுப்பினார்கள். மூன்று தரப்பு ஒப்பந்தம். ஏரிக்கரையில் ஒரு மாவட்ட மருத்துவமனை. கட்டடம் அந்த நாட்டு அரசாங்கத்தினுடையது. நுண்ணோக்கியும் கருவிகளும் வட ஐரோப்பாவில் ஒரு சங்கம் கொடுத்தது. பயிற்சி எங்களுடையது. வாசலில் மூன்று கொடிகள். நுண்ணோக்கியில் பல்பு போய்விட்டது ஒரு நாள். மூன்று நாட்டாரும் விளக்கப் புத்தகத்தை விரித்துக்கொண்டு ஆளுக்கொன்று சொன்னோம். கடைசியில் பல்பை மாற்றியது அங்கே தரை துடைக்கும் யோசேஃப்.

யோசேஃப் நல்ல மனிதர். நான் போன முதல் வாரம், தியேட்டர் படியில் கால் தடுக்கி முழங்காலை இடித்துக்கொண்டேன். அவர் தாழ்வாரத்தின் மறுகோடியில் வாளியோடு நின்றார். அங்கிருந்தே 'பெப்பானி, சிஸ்டர், பெப்பானி' என்றார். பெப்பானி என்றால் மன்னிப்பு. வந்த அன்றே எனக்குக் கற்றுக்கொடுத்த சொல். படியைச் சரியாகத் துடைக்கவில்லை போலிருக்கிறது, அதற்காக மன்னிப்புக் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். 'பரவாயில்லை, இனிமேல் ஈரமில்லாமல் துடையுங்கள்' என்று சொன்னேன்.

வல்லம் தாண்டிவிட்டதா? மணி என்ன? ஒன்பது இருபதா. சரி.

தியாமிகேயைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பது வயது. நான் பயிற்சி கொடுத்த ஐவரில் கை நேர்த்தி அவளுக்குத்தான். ஒரு முறை காட்டினால் போதும். மறுநாள் நான் செய்வது மாதிரியே இருக்கும், என் விரல் மடங்குகிற மாதிரியே அவள் விரலும் மடங்கும். பாராட்டினேனா என்றா கேட்கிறீர்கள்? பாராட்டினால் கெட்டுப்போவார்கள். பாராட்டவில்லை.

என் தியேட்டரில் பேச்சு கூடாது. இங்கும் அதுதான் விதி, அங்கும் அதுதான் விதி. முகமூடி கட்டியிருந்தாலும் பேசினால் எச்சில் தெறிக்கும், கவனம் சிதறும், நோயாளி பயப்படுவார். கை நீட்டினால் கருவி வர வேண்டும். கண்ணைப் பார்த்தால் புரிய வேண்டும். 'எனக்குப் புரியவில்லை சிஸ்டர்' என்று ஆபரேஷன் நடுவே வாய் திறந்த ஒருத்தியை வெளியே அனுப்பினேன், அன்று முழுவதும் தாழ்வாரத்தில் நிற்க வைத்தேன். தியாமிகே அல்ல, வேறொருத்தி. ஆனால் தியாமிகே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.

அங்கே தலையை மேலும் கீழும் அசைத்தால் ஆம். பக்கவாட்டில் அசைத்தால் இல்லை. நம் ஊர்த் தலையாட்டல் அவர்களுக்குத் தெரியாது. ஆனால் இரண்டே மாதத்தில் என்னைப் பார்த்துப் பார்த்து ஐவரும் கற்றுக்கொண்டுவிட்டார்கள். சிஸ்டர் தலை பக்கவாட்டில் ஆடினால் சரி என்று அர்த்தம், மேலே செய். சாப்பாட்டு நேரத்தில் ஒருத்திக்கொருத்தி அப்படியே ஆட்டிக் காட்டிச் சிரிப்பார்கள். அங்கே ஆபரேஷன் செய்கிற டாக்டர் கொண்ட்வானி என்னிடமே வந்து புகார் செய்தார். 'சிஸ்டர், என் நர்சுகளை இந்தியர்களாக ஆக்கிவிட்டீர்கள். கத்தரி இருக்கிறதா என்று கேட்டால் தலை ஆடுகிறது. வருமா வராதா என்று தெரியாமல் நான் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறேன்.' எனக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

ஜனவரி மாதம். மழைக்காலம். அன்று ஒன்பது பேருக்கு ஆபரேஷன். கருவிகளைத் துணியில் சுருட்டி ஆட்டோகிளேவில் வைப்போம். நம் வீட்டுக் குக்கர் போலத்தான், பெரிய அளவில். நீராவியில் கிருமி சாக வேண்டும். சுருளின் மேல் ஒரு டேப் ஒட்டியிருக்கும், அதில் வெளிறிய கோடுகள். சூடு போதிய அளவு ஏறினால் கோடுகள் கறுத்துவிடும். கறுக்காத சுருளைத் தொடக் கூடாது. நான் கற்றுக்கொடுத்த முதல் பாடம் அதுதான்.

இரண்டாவது அடுக்கு வெந்துகொண்டிருக்கும்போது மின்சாரம் போனது. ஜெனரேட்டர் வந்தது, பிறகு அதுவும் திணறியது. கொஞ்ச நேரம் கழித்துத் தியாமிகே ஒரு சுருளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். நான் முதல் மேசையில் டாக்டருக்குப் பக்கத்தில் நிற்கிறேன். இரண்டாவது மேசையில் அடுத்த நோயாளியைப் படுக்க வைத்தாகிவிட்டது. டேப்பின் கோடுகள் பாதி கறுத்திருந்தன, பாதி தேன் நிறத்தில் நின்றன. அவள் அந்தத் தேன் நிறத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். பேசவில்லை. பேசக் கூடாதல்லவா.

நான் தலையை ஆட்டினேன். வேண்டாம் என்று ஆட்டினேன்.

பிறகு திரும்பிக்கொண்டேன், டாக்டர் லென்ஸுக்குக் கை நீட்டிவிட்டார். அவள் என்ன செய்கிறாள் என்று பார்க்கவில்லை. ஏன் பார்க்க வேண்டும்? வேண்டாம் என்று சொல்லியாயிற்று.

அவள் பிரித்தாள். அந்த அடுக்கிலிருந்து மூன்று சுருள்கள். மூன்று கண்கள்.

அந்த மூவரில் ஒருவர் சிபேட்டா என்ற ஆசிரியர். குழந்தையாக இருந்தபோதே அம்மை வந்து ஒரு கண் போய்விட்டது. மறு கண்ணில் புரை. கரும்பலகை தெரியாமல் இரண்டு ஆண்டுகளாக மாணவர்களையே வாசிக்கச் சொல்லி, மனப்பாடத்தில் இருந்ததை வைத்துப் பாடம் நடத்தியவர். மறுநாள் காலை கட்டுப் பிரித்தபோது அவர் முதலில் பார்த்தது என் நெஞ்சில் குத்தியிருந்த பெயர்ப்பட்டையை. எழுத்துக் கூட்டினார். 'சர்... கு... னா.' தவறு, சற்குணவதி என்று திருத்தினேன். அவர் மறுபடியும் வாசித்தார். மூன்றாவது தடவை சரியாக வாசித்துவிட்டு, தன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். 'நீ மெலிந்துவிட்டாய்' என்றாராம். டாக்டர் மொழிபெயர்த்துச் சொன்னார். அந்த அம்மாள் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

மூன்றாம் நாள் காலை நான் வார்டுக்குப் போனேன். ஆசிரியர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார், முகத்தில் வெயில் விழுந்துகொண்டிருந்தது. 'இன்றும் மின்சாரம் இல்லையா சிஸ்டர்?' என்று கேட்டார்.

இமை வீங்கி மூடியிருந்தது. விலக்கிப் பார்த்தேன். கருவிழிக்குப் பின்னால் சீழ் அடியில் தேங்கி, வெள்ளையாக ஒரு கோடு கட்டி நின்றது. என் முப்பத்து நான்கு ஆண்டுகளில் அந்தக் கோட்டை ஏழு முறைதான் பார்த்திருக்கிறேன். அன்று ஒரே காலையில் மூன்று.

கண்ணுக்குள்ளேயே ஊசி போட வேண்டும். அந்த மருந்து அங்கே இல்லை. தலைநகரில் இருக்கிறது, எட்டு மணி நேரப் பாதை. பாதையில் பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. தொலைபேசியில் ஐரோப்பாச் சங்கத்தைக் கூப்பிட்டோம். கூட்டத்தில் இருக்கிறார்கள் என்றார்கள். எங்கள் நிறுவனத்தைக் கூப்பிட்டேன். உடனே மின்னஞ்சல் அனுப்புங்கள் சிஸ்டர் என்றார்கள். மணிக்கொரு தரம் சொட்டு மருந்து விட்டேன். அது போதாது என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே விட்டேன். ஆசிரியர் ஒவ்வொரு தடவையும் முகத்தை நிமிர்த்திக் காட்டுவார், தொந்தரவு கொடுக்காத நோயாளி. 'இப்போது கொஞ்சம் பரவாயில்லை, இல்லையா?' என்று என்னையே கேட்பார். கண் அவருடையது, வலி அவருடையது, கேள்வி என்னிடம். தலையை ஆட்டினேன். அவருக்குத் தெரியாது.

தியாமிகே போனாள். யாரும் அனுப்பவில்லை. வாடகை மோட்டார் சைக்கிளில் பாலம் வரை, பிறகு மரப்படகில் ஆற்றைத் தாண்டி, அந்தக் கரையில் ஒரு மீன் லாரியில் தலைநகர். போய் வர இரண்டு பகல். மருந்தை ஒரு பிளாஸ்க்கில் ஐஸோடு வைத்து, பிளாஸ்க்கை வயிற்றோடு துணியால் கட்டிக்கொண்டு வந்தாள். இடுப்பு வரை சேறு. நடந்ததைப் பற்றிக் கொடுத்த அறிக்கையில் அதை நான் எழுதவில்லை. கடமையைச் செய்வதை எழுதுவார்களா?

இரண்டு பேருக்கு ஓரளவு மீண்டது. சுவரைத் தடவாமல் நடப்பார்கள். ஆசிரியரின் கண்ணை எடுத்துவிட வேண்டியதாயிற்று.

அன்று மாலை தியாமிகே என் அறை வாசலுக்கு வந்தாள். முழங்காலை மடக்கி, இரண்டு கையையும் சேர்த்து, 'பெப்பானி, சிஸ்டர்' என்றாள். நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். என் கை நடுங்கிக்கொண்டிருந்தது, மறைத்துக்கொண்டேன். அவள் போன பிறகு அறிக்கையை எழுதி முடித்தேன். 'செவிலி தியாமிகே தன் குற்றத்தை உணர்ந்து என்னிடம் நேரில் மன்னிப்புக் கோரினார்.' மன்னிப்புக் கேட்டாள், எழுதினேன். இதில் என்ன பொய்?

ஆசிரியர் ஊருக்குப் புறப்பட்ட நாள் அவரும் அதையேதான் சொன்னார். என் கையைத் தேடிப் பிடித்து, 'பெப்பானி, சிஸ்டர்' என்றார். கண்ணைக் கொடுத்துவிட்டுப் போகிறவர் என்னிடம் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்? எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆசிரியர், மரியாதை தெரிந்தவர் என்று எடுத்துக்கொண்டேன். மனைவியின் தோளில் கை வைத்துக்கொண்டு நடந்தார். அந்த அம்மாளுக்கும் புரை விழுந்துகொண்டிருக்கிறது. வாசல் படியில் அவர் காலை நீட்டித் தேடித்தான் இறங்கினார்.

என்ன கேட்கிறீர்கள்? யோசேஃபா? யோசேஃப் சொன்னது நான் விழுந்ததற்கு. அவர் எங்கே என்னைத் தள்ளினார்? அவர் தாழ்வாரத்தின் மறுகோடியில்...

ஈரம் இருந்ததா என்றா?

இல்லை. படி காய்ந்துதான் இருந்தது.

மணி என்ன தம்பி? பத்து ஆகப்போகிறதா. துவாக்குடி சுங்கச்சாவடியில் எப்போதும் இப்படித்தானா? முன்னால் எத்தனை வண்டி நிற்கிறது, எட்டிப் பாருங்கள்.

நீங்கள் சொல்வது எனக்குப் புரிகிறது. அடிபட்டவரைப் பார்த்து நாம் 'அடடா' என்பதில்லையா, அதுபோல என்கிறீர்கள். இருக்கலாம். அந்த நாட்டில் நான் ஐந்து மாதம் இருந்தேன், நீங்கள் இந்தப் பேருந்தில் ஒரு மணி நேரம் இருக்கிறீர்கள். இருந்தும் இருக்கலாம். அப்படியானால் அன்று அவள் என் அறை வாசலில் நின்றது... என் கை நடுங்கியதைப் பார்த்துவிட்டாளோ?

என் அறிக்கையை வைத்துத்தான் அவளைப் பணியிலிருந்து நிறுத்தினார்கள். தியேட்டரை மூடிவிட்டார்கள், தேர்ந்த கை வேறு இல்லை. ஆறு மாதம் ஆகிறது. வரிசையில் முந்நூறு பேர் காத்திருக்கிறார்கள். அதில் ஆசிரியரின் மனைவியும் ஒருவர். எங்கள் இயக்குநர் டாக்டர் இளங்கீரன் நேற்று வீட்டுக்கே வந்துவிட்டார். 'சிஸ்டர், நீங்க ரொம்ப யோசிக்காதீங்க. ஒரே வரி. வேண்டாம்னு காட்டுனேன், அவ மீறிட்டா. அவ்வளவுதான். இல்லேன்னா நம்ம பயிற்சி மேலயே கேள்வி வரும், ஒப்பந்தம் போயிடும், இன்னும் நாலு நாடு காத்துக்கிட்டு இருக்கு' என்றார். நல்லவர்தான். என்னிடம் படித்த பிள்ளை. தாளை மேசையில் வைத்துவிட்டுக் காபி குடிக்காமல் போனார்.

தியாமிகேயும் எனக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறாள். கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் கிழித்துப் போட்டிருப்பேன். ஐந்து வரி, எனக்கு மனப்பாடம். 'சிஸ்டர், நீங்கள் வேண்டாம் என்று ஆட்டியதாகச் சொல்கிறீர்கள். உங்களை நம்புகிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். அன்று ஆட்டியது மற்ற நாள்களில் ஆட்டியதிலிருந்து எப்படி வேறுபட்டது? அதைக் காட்டிவிட்டால், தவறு என்னுடையது என்று நானே கையெழுத்துப் போடுகிறேன்.'

எப்படி வேறுபட்டது. என்ன கேள்வி இது? எந்தத் தமிழருக்கும் தெரியுமே. நீங்கள் தஞ்சாவூர்க்காரர், உங்களுக்குத் தெரியாதா? பாருங்கள். இது சரி. தெரிகிறதா, கொஞ்சம் சாய்கிறது. இது வேண்டாம். சாயாமல் திரும்புகிறது. தெரிந்ததல்லவா?

அப்படியல்ல, இருங்கள். சரியாகச் செய்ய வேண்டும். அங்கே நான் முகமூடி கட்டியிருந்தேன். நெற்றி வரை தொப்பி. முந்தானையால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்கிறேன். நான் வேலையில் இருக்கிறேன், குனிந்திருக்கிறேன், என் கை மேசையில் இருக்கிறது. நீங்கள் சுருளோடு வந்து நிற்கிறீர்கள். நான் நிமிர்ந்து பார்க்கிறேன். இப்போது.

சொல்லுங்கள். நான் என்ன சொன்னேன்?

சரி என்று சொன்னேனா?

இல்லை தம்பி. நீங்கள் சரியாகக் கவனிக்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டீர்கள். மறுபடியும் செய்கிறேன், என் கண்ணையே பாருங்கள். அவள் அப்படித்தான் பார்த்தாள்.

சொல்லுங்கள்.

மெதுவாகச் சொல்ல வேண்டாம். என் மனம் நோகும் என்று பார்க்க வேண்டாம். என்ன தெரிந்ததோ அதைச் சொல்லுங்கள்.

சரி என்றுதான் தெரிந்ததா. இரண்டு தடவையும்.

நான் இரண்டு தடவையும் வேண்டாம் என்றுதான் ஆட்டினேன்.

தண்ணீர் வேண்டாம். எனக்கு ஒன்றுமில்லை. முந்தானையை எடுத்துவிட்டேன், மூச்சு வருகிறது. வண்டி நகர்ந்துவிட்டதா? திருவெறும்பூர் தாண்டிவிட்டதா? நான் பார்க்கவே இல்லை.

வாயைத் திறந்து ஒரே ஒரு சொல் கேட்டிருப்பாள் அவள். 'சிஸ்டர், பிரிக்கலாமா?' அவ்வளவுதான். கேட்கத் தெரியாதவள் அல்ல.

நடத்துநர் நம் பக்கம் பார்த்துக் கூப்பிடுகிறாரா? என்னைத்தானா?

என்ன சொல்கிறார் இவர், ரைட் கொடுத்துவிட்டார், வண்டி எடுக்கிறது. நிறுத்துங்கள். நிறுத்துங்கள் ஐயா, நான் பால்பண்ணையில் இறங்க வேண்டும். பால்பண்ணையா என்று நீங்கள் கேட்டீர்கள், ஆம் என்று நான் தலையை ஆட்டினேனே.

கேட்டீர்களா தம்பி, அவர் சொன்னதை? 'இல்லேன்னு ஆட்டிட்டு இப்ப எறங்கணும்ங்கிறீங்க. வாயத் தொறந்து சொல்லுங்கம்மா.'

கொஞ்சம் காலை ஒதுக்குங்கள். பையை நானே எடுத்துக்கொள்கிறேன். அந்தத் தாள் கீழே விழுந்துவிட்டதா? இருக்கட்டும், அதை எடுக்க வேண்டாம். அதில் இருப்பது ஒரு வரிதான், பாதி வரி என்றே சொல்ல வேண்டும். மீதியை நான் சொல்ல வேண்டும். மணி பத்து நாற்பதா? நடந்தே போய்விடலாம், பக்கம்தான். அவள் அங்கே ஏழு மணிக்கே வந்து உட்கார்ந்திருப்பாள்.

இறங்குகிறேன் ஐயா. ஆம். ஆம் என்று சொல்கிறேன், வாயைத் திறந்துதான் சொல்கிறேன்.